கேட்டதைக் கேட்கவில்லை என்று எழுதியவள்

பாம்புச்செவி என்று அவளுக்குப் பட்டம் வைத்தது அவளுடைய அண்ணன். அவன் அடுத்த அறையில் மிட்டாய்த் தாளைப் பிரித்தாலும் இவள் வந்து கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். "இவ காதுல பஞ்சை வெச்சு அடைச்சாத்தான் இந்த வீட்ல ஒருத்தன் நிம்மதியா திங்க முடியும்" என்று அவன் அலுத்துக்கொள்வான். வளர்ந்து ஆளான பிறகு அந்தக் காதுதான் அவளுக்குச் சோறு போட்டது. பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், வகுப்புப் பாடங்களுக்கு எழுத்து போடுகிற வேலை.

ஒவ்வொரு வகுப்பறையிலும் மேடைக்கு மேலே ஒரு மைக் தொங்கும். வகுப்பு நேரம் வந்தால் அது தானாக விழித்துக்கொள்ளும், முடிந்தால் தானாகத் தூங்கிவிடும். அது பிடித்துக் கொடுக்கும் குரலை மெஷின் ஒன்று எழுத்தாக மாற்றும். பாதி சரியாக இருக்கும், பாதி உளறலாக இருக்கும். அந்த உளறலைத் திருத்துவதற்குத்தான் இவள். மேசைக்கு அடியில் கால்மிதி ஒன்று உண்டு. மிதித்தால் குரல் ஓடும். காலை எடுத்தால் நிற்கும். குதிகாலால் ஓர் அழுத்து அழுத்தினால் கொஞ்சம் பின்னால் போய், சொன்னதையே மறுபடி சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு, கையும் காலும் தனித்தனியாக வேலை செய்ய, நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஒருமுறை நூலகத்து லிஃப்டைப் பார்க்க வந்தவன் கீழே எட்டிப் பார்த்தான்.

"என்ன இது, தையல் மெஷின் மாதிரி? வாத்தியாருங்க வாயைத் தைக்கிறியா?"

"உங்க வாயைத் தைக்கத்தான் சரியான நூல் கிடைக்கலை, போங்க."

பேராசிரியர்கள் யாரையும் அவளுக்கு முகத்தில் தெரியாது. தொண்டையில் தெரியும். வேதியியல்காரர் ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் பேனாவைக் கிளிக் கிளிக் என்று அமுக்குவார். பொருளாதாரம் நடத்துகிற அம்மாள் சிரிப்பு வருவதற்கு முன்னால் மூக்கால் ஒரு மூச்சு விடுவாள். வரலாற்றுக்காரருக்கு மாணவர்கள் 'இழுவை சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு, அது எங்கே போய் நிற்கும் என்று அவரே காத்திருப்பதுபோலப் பேசுவார். சாப்பாட்டுக் கூடத்து வரிசையில் பின்னால் யாராவது இருமினால் 'ஓ, நீங்களா!' என்று திரும்பத் தோன்றும் இவளுக்கு. திரும்ப மாட்டாள். இவள் யாரென்று அவருக்குத் தெரியாதே.

இவள் எழுத்தை வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்கள் படித்தார்கள், வகுப்பில் தூங்கியவர்கள் படித்தார்கள். இவள் நினைவில் இருந்தது ஒருத்திதான். முன்வரிசை ஓரத்தில் உட்காரும் காது கேளாத பெண் அவள். வகுப்பு நடக்கும்போது மெஷின் போடுகிற உளறலை அப்படியே தன் திரையில் பார்த்துக்கொண்டிருப்பாள். மறுநாள் இவள் திருத்தியது வந்ததும் உட்கார்ந்து ஒப்பிடுவாள். சந்தேகம் வந்தால் எழுதிக் கேட்பாள். 'அக்கா, நேத்து அவர் நிஜமாவே மன்னரைத் தக்காளின்னு சொன்னாரா?' 'இல்ல கண்ணு, அது மெஷினுக்குப் பசி.' இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. இருந்தாலும் நல்ல பழக்கம்.

எதுவும் காதில் விழவில்லை என்றால் போடுவதற்கு ஒரு குறி இருந்தது. 'தெளிவில்லை.' கதவு அறைந்தால், நாற்காலி இழுபட்டால், பேசுகிறவர் மைக்குக்கு முதுகைக் காட்டினால் போடுவது. பாம்புச்செவிக்கு அது மானப் பிரச்சினை. தெளிவில்லை என்று போட வேண்டி வந்தால் அன்று முழுக்க முகம் தொங்கிப் போய்விடும்.

இப்படி இருக்கையில் ஒரு நாள், அரசியல் வகுப்பு எடுத்த இளைஞர் ஒருவர் பேசியதில் ஒரு துண்டை மட்டும் யாரோ வெட்டி வெளியே பரப்பிவிட்டார்கள். வாசலில் கூட்டம் கூடியது. அந்த இளைஞர் விடுப்பில் போயிருப்பதாகச் சொன்னார்கள். பிறகு அதையும் சொல்வதை விட்டுவிட்டார்கள். அவர் அறைக் கதவில் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. யாரும் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்து போனார்கள்.

மேற்பார்வையாளர் படியிறங்கி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு நின்றார்.

"இனிமே கொஞ்சம் பார்த்துப் போடும்மா."

"எதைப் பார்த்து, சார்?"

"எதையும் இல்ல. பொதுவா சொன்னேன்."

"மேலேருந்து யாராவது சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலை. அதுதாம்மா பயமா இருக்கு."

அவ்வளவுதான் பேச்சு. அவர் போய்விட்டார். அவள் காலை மிதியில் வைத்தாள். பொருளாதார அம்மாள் மூக்கால் மூச்சு விட்டுவிட்டு, புதிய வரியைப் பற்றி ஏதோ கேலியாகச் சொன்னாள். மணி மணியாகக் கேட்டது. அவள் கால் தானாக மிதியைவிட்டு எழுந்தது. அறை அமைதியாக இருந்தது. விரல்கள் 'தெளிவில்லை' என்று தட்டின.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முதல் முறைதான் நெஞ்சு படபடத்தது. அப்புறம் படபடப்பும் இல்லை. எது ஆகாது என்று யாரும் சொல்லாததால் எல்லாமே ஆகாது போலத் தோன்றியது. தேர்தல் என்ற சொல் வந்தால் கால் எழுந்தது. தண்ணீர் என்ற சொல்லுக்கு ஒரு நாள் எழுந்தது. எதற்காகத் தண்ணீர் என்று பிறகு யோசித்தாள். பிடிபடவில்லை. ஆனால் போட்டதை எடுக்கவும் இல்லை.

முன்வரிசைப் பெண் கேட்டாள்: 'அக்கா, இந்த இடத்துல என்ன சொன்னாங்க?'

'இருமல்' என்று பதில் போட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து எழுத்து வந்தது. 'இந்த வருஷம் எல்லாருக்கும் ரொம்பத்தான் இருமல்.'

அதற்குப் பிறகுதான் அந்த விசித்திரம் தொடங்கியது. பேராசிரியர்கள் தங்கள் பாடத்தின் எழுத்தைத் தாங்களே படிப்பது வழக்கம். எந்தெந்த இடத்தில் தெளிவில்லை என்று இருக்கிறது என்று பார்த்தார்கள். அவர்கள் தெளிவாகத்தான் பேசியிருந்தார்கள். ஆகவே இது காது கேட்காத கதை இல்லை, மேலே யாரோ உட்கார்ந்து வெட்டுகிறார்கள் என்று முடிவு கட்டினார்கள். யாரிடமும் வாய் திறந்து கேட்கவில்லை. அடுத்த முறை அதே இடம் வந்ததும் தாங்களே நிறுத்தினார்கள்.

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த அவளுக்கு முதலில் மிதிதான் பழுது என்று பட்டது. வேதியியல்காரர் பேசிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். பேனாகூட அடங்கிவிட்டது. அதே நேரத்தில் அவளுடைய பாதமும் மிதிக்கு மேலே எழுந்திருந்தது. அவள் நிறுத்தியதால் குரல் நின்றதா, அவர் நிறுத்தியதால் கால் எழுந்ததா? குதிகாலை அழுத்திப் பின்னால் போய்க் கேட்டாள். அவராகத்தான் நிறுத்தியிருந்தார். ஒரு மூச்சு, பிறகு வேறு பேச்சு.

நாளாக ஆக எல்லாக் குரல்களிலும் அந்த மூச்சு வந்துவிட்டது. வேறு வேறு ஆட்கள், வேறு வேறு கட்டடங்கள், ஒரே அளவான மூச்சு. மேலே யாரோ இருக்கிறார் என்று அவர்கள் பயந்துகொண்டிருந்தார்கள். மேலே யாரும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். கீழேதான் ஒருத்தி இருந்தாள். காலையில் பல் தேய்த்து, சாப்பாடு கட்டிக்கொண்டு, பேருந்து பிடித்து வருகிற ஒருத்தி.

வீட்டிலும் அது வந்தது. சாப்பிடும்போது ஏதோ சொல்லத் தொடங்கி நின்றுவிடுவாள். மேசைக்கு அடியில், தரையிலிருந்து, அவள் பாதம் லேசாக எழுந்திருக்கும்.

"சொல்ல வந்ததைச் சொல்லேன்" என்பான் கணவன்.

"ஒண்ணுமில்லீங்க."

"லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னா உள்ள இருக்கிறவன் கதவைத் தட்டுவான், கத்துவான். நீ நின்னா எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் சிரித்து மழுப்பினாள்.

இழுவை சார் மட்டும் நிறுத்தவில்லை. அவர் தன் எழுத்தைப் படிக்கிற ஆள் இல்லை என்பது காரணமாக இருக்கலாம். ஒரு வகுப்பில் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: "சார், இந்த யூனிவர்சிட்டி கட்டறதுக்கு முன்னாடி இந்த இடத்துல என்ன இருந்துச்சு?"

கூடம் அமைதியாகிவிட்டது. அவர் வழக்கம்போல இழுத்தார். பிறகு சொன்னார்: "எனக்குத் தெரியாதுப்பா. நானும் கேட்டுப் பார்த்தேன். யாரும் சொல்லலை. நீங்களும் கேளுங்க."

இவ்வளவுதான் அவர் சொன்னது. பாம்புச்செவி குதிகாலை அழுத்தினாள். எனக்குத் தெரியாதுப்பா. மறுபடி அழுத்தினாள். யாரும் சொல்லலை. 'நீங்களும் கேளுங்க' என்பதுதான் அவளை உறுத்தியது. மாணவர்களைக் கிளப்பிவிடுகிறார் என்று யாராவது சொல்லிவிட்டால்? ஓட்டை மட்டும் மிஞ்சிய அந்தக் கதவு கண்முன்னே வந்தது. பாவம், நல்ல மனுஷன். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டுதான், கேள்வியை விட்டுவிட்டு, பதில் முழுவதையும் எடுத்துவிட்டு அந்தக் குறியைப் போட்டாள்.

பருவம் முடிந்ததும் இடம் போதாது என்று பழைய குரல்களை அழித்துவிடுவது அங்கே வழக்கம். எழுத்து மட்டும் நிற்கும். குரல் போன பிறகு, தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள். இந்த இடத்தில் முன்னால் என்ன இருந்தது? தெளிவில்லை. அந்தப் பதிலுக்குக் கண் காது மூக்கு முளைத்தது. இடுகாடு இருந்தது என்று சொன்னாராம். வகுப்புக் கூடத்துக்கு அடியில் இன்னும் ஆட்கள் கிடக்கிறார்களாம். பேர் பேராகச் சொன்னாராம். மாணவர்கள் கூடத்துக்குள் மெதுவாக நடக்கத் தொடங்கினார்கள், கீழே படுத்திருப்பவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல. அந்த வகுப்பில் இருந்தவர்களைக் கேட்டால் அவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். படித்துப் படித்து, கேட்டது அழிந்துபோயிருந்தது.

புகார் போனது. பல்கலைக்கழகத்தின் பெயரைக் கெடுக்கும் விதமாகப் பேசினார் என்று இழுவை சாரை வகுப்பிலிருந்து நிறுத்தினார்கள். விசாரணைக் குழு வைத்தார்கள்.

"தெரியாதுன்னுதான் சொன்னேன்னு அவர் சத்தியம் பண்றார்" என்றார் மேற்பார்வையாளர், அவள் மேசை ஓரத்தில் சாய்ந்துகொண்டு. "குழுவுல என்ன கேக்குறாங்க தெரியுமா? தெரியாதுன்னு சொன்னதை எதுக்கய்யா ஒருத்தர் மறைக்கணும்? எழுத்து போடறவளுக்கே கை கூசியிருக்குன்னா அது எவ்வளவு மோசமான பேச்சா இருக்கணும்? அப்படிக் கேக்குறாங்க. அந்த ஓட்டைதாம்மா சாட்சி. மனுஷனுக்கு வேலை போயிடும்."

"நான் போய்ச் சொல்லட்டுமா, சார்?"

"என்னன்னு? கேட்டுச்சு, ஆனா கேக்கலைன்னு எழுதினேன்னா? யாரு எழுதச் சொன்னாங்கன்னு கேப்பாங்க. நான் உன்கிட்ட ஏதாவது சொன்னேனா?"

"பார்த்துப் போடச் சொன்னீங்க."

"பார்க்கத்தானே சொன்னேன்" என்றார் அவர். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உனக்கும் குடும்பம் இருக்கு, எனக்கும் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். மூடிக்கொண்டே இருந்திருப்பாள், இழுவை சாரின் காலி வகுப்பு மட்டும் வராமலிருந்தால்.

அவரை நிறுத்தினார்களே தவிர மைக்கை யாரும் நிறுத்தவில்லை. வகுப்பு நேரம் வந்ததும் அது விழித்து, இல்லாத பாடத்தைப் பதிவு செய்து அவளுக்கு அனுப்பியது. காலிக் கூடம் என்று நினைத்து அழிக்கப் போனவள் காதில் வைத்துப் பார்த்தாள். காலி இல்லை. யாரும் பேசவில்லை, அவ்வளவுதான். நாற்காலி முனகுகிறது. பக்கம் புரள்கிறது. கூடம் நிறைய ஆட்கள் மூச்சுவிடுகிற சத்தம், பெரிய விலங்கு ஒன்று படுத்திருப்பது போல. அந்த அமைதிக்கு மெஷின் எழுத்து போட்டிருந்தது. பேச்சே இல்லாத இடத்தில் மெஷின்கள் சில சமயம் தாமாக எதையாவது இட்டு நிரப்பும் என்பது அவளுக்குத் தெரியும். வழக்கமாக 'நன்றி' என்றோ 'வணக்கம்' என்றோ ஒன்றிரண்டு சொல் வரும். இன்று வரிவரியாக இருந்தது. 'அதாவது என்னன்னா.' 'கொஞ்சம் பொறுங்க.' 'அதாவது.' இழுவை சாரின் குரலை வருடக்கணக்கில் கேட்டுப் பழகிய மெஷின், அவர் இல்லாத இடத்தில் அவரைப்போல இழுத்துக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு வரி: 'நீங்களும்'. அதற்குப் பின்னால் அவள் வழக்கமாகப் போடுகிற குறி.

இந்த முறை அதை அவள் போடவில்லை.

முன்வரிசைப் பெண்ணிடமிருந்து எழுத்து வந்தது. 'அக்கா, சார் வரலை. நாங்க சும்மா வந்து உட்கார்ந்திருக்கோம். யாரும் வாயே திறக்கலை. ஆனா என் திரையில பேச்சு ஓடிட்டிருந்துச்சு. யாருக்கா பேசினது?'

பாம்புச்செவி பதில் எழுத உட்கார்ந்தாள். என்ன எழுதுவது? இருமல் என்றா? மெஷின் நீ திருத்துவதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொல்லியிருந்தார்கள். அப்போது பெருமையாக இருந்தது. விளக்கு எரிகிற அறையில், நட்டநடுப் பகலில், முதுகுப்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் கிண்டல் செய்யவில்லை. கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான், அது போன பிறகும்.

"வேலை போயிடுமா?"

"போகலாம்."

"போனா நம்மால சமாளிக்க முடியுமா?"

"கஷ்டந்தாங்க."

"அந்த மனுஷனால?"

மறுநாள் மேற்பார்வையாளரைக் கேட்காமல் குழு இருந்த அறைக் கதவைத் தட்டினாள்.

குழுத்தலைவர் உட்கார்ந்திருந்த மேசையிலிருந்து கிளிக் கிளிக் என்று சத்தம் வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். இவர்தானா! இத்தனை வருடமாகக் காதுக்குள் இருந்த வேதியியல்காரருக்கு இப்படி ஒரு மெலிந்த முகம் இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. இரண்டு பக்கமும் ஆளுக்கொருவர். அதில் ஒருத்தி மூக்கால் மூச்சு விட்டாள். பொருளாதார அம்மாள்.

"சொல்லுங்கம்மா, யாரு நீங்க?"

"பாடத்துக்கு எழுத்து போடறவ, சார். கீழே."

மூவரும் அவளை நன்றாகப் பார்த்தார்கள். நடந்ததைச் சொன்னாள். இழுவை சார் சொன்ன பதிலையும் சொன்னாள்.

"இவ்வளவுதானா?" என்றார் தலைவர். "இதையா மறைச்சீங்க?"

"ஆமாங்க."

"யாரு மறைக்கச் சொன்னது?"

"யாரும் இல்லீங்க. பயம்."

"எதுக்குப் பயம்?"

"அதுதாங்க எனக்கும் தெரியலை."

தலைவர் மற்ற இருவரையும் பார்த்துச் சிரித்தார். "இதை யாராவது நம்புவாங்களாம்மா? தெரியாதுன்னு ஒருத்தர் சொன்னாராம், அதைக் கேட்டு இவங்க பயந்தாங்களாம். யாரோ சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்காங்க."

உண்மை ஓர் உள்ளங்கை அளவுதான் இருந்தது. அதை வைத்து மூட முடியாத அளவுக்கு ஓட்டை பெரிதாகியிருந்தது. பாதம் தரையிலிருந்து எழுவதை உணர்ந்தாள். வேண்டுமென்றே அதை அழுத்தி ஊன்றினாள்.

"உங்க பாடத்துலயும் போட்டிருக்கேன், சார்."

கிளிக் சத்தம் நின்றது. "என்னது?"

"அதே குறி. நீங்க தெளிவாத்தான் பேசினீங்க. நான்தான் எடுத்தேன்."

"என் பாடத்துலயா? நான் என்ன பேசினேன்?"

"ஞாபகம் இல்லீங்க. நிறைய இடத்துல போட்டிருக்கேன். குரலெல்லாம் அழிச்சாச்சு."

பொருளாதார அம்மாள் மெதுவாகக் கேட்டாள்: "என்னோடதுல?"

"எல்லாரோடதுலயும்மா."

மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். தாங்கள் பேசி, தங்களுக்கே நினைவில்லாத எதையோ தேடுகிற பார்வை. எதுவாகவும் இருக்கலாம். இழுவை சாருக்குக் கண் காது மூக்கு முளைத்ததுபோல நாளைக்குத் தங்களுக்கும் முளைக்கலாம். தலைவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினார். நிறுத்தினார். அந்த மூச்சு வந்தது. பொருளாதார அம்மாளிடமிருந்தும் வந்தது. மூன்றாமவரிடமிருந்தும். ஒரே அளவு. பதிவில் மட்டும் கேட்டிருந்ததை முதன்முறையாகக் கண்ணால் பார்த்தாள் பாம்புச்செவி. உதடு பிரிந்திருக்கும், மார்பு உயர்ந்திருக்கும், கண் மட்டும் வேறெங்கோ போயிருக்கும்.

"நீங்க வெளிய இருங்கம்மா" என்றார் தலைவர்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். சாதாரணக் கதவு. அவள் காதுக்கு அதெல்லாம் ஒரு தடையே இல்லை. உள்ளே யாரும் பேசவில்லை. நெடுநேரம் ஆகியும் ஒருவரும் பேசவில்லை. அப்படியே முடிவெடுத்தார்கள்.

தொழில்நுட்பக் கோளாறு என்று எழுதிப் பூசி மெழுகினார்கள். இழுவை சாரைத் திரும்ப வகுப்பெடுக்கச் சொன்னார்கள். இவளை வேலையைவிட்டு எடுக்கவில்லை. "எடுக்கலாம்னுதான் பேச்சு வந்துச்சு" என்றார் மேற்பார்வையாளர். "வெளிய போய் என்னத்தையாவது சொல்லிட்டா என்ன பண்றதுன்னு ஒருத்தர் கேட்டாராம். அதோட சரி. உன்னால என் முடி நரைச்சுப்போச்சும்மா."

"அது எப்பவோ நரைச்சதுதானே, சார்."

"மை போட்டிருந்தேன். இப்ப மையும் நிக்கலை."

அன்று முதல் கேட்டதைக் கேட்டபடி தட்டினாள். கேலியா, தட்டு. வரியா, தட்டு. தண்ணீரா, தட்டு. ஆனால் தட்டுவதற்குப் பேச்சு குறைவாகத்தான் வந்தது. ஒரு மதியம் கதவருகே நிழல் தட்டியது. வேதியியல்காரர். உள்ளே வரவில்லை.

"யோசிச்சுப் பார்த்தீங்களா? நான் என்ன சொன்னேன்?"

"நிஜமாவே ஞாபகம் வரலைங்க, சார்."

"எனக்கும் வரலை" என்றார் அவர். சட்டைப்பையில் கையை விட்டுப் பேனாவைத் தொட்டார். அமுக்கவில்லை. திரும்பிப் போனார்.

அதைவிட மோசம் மெஷின். அவள் விட்ட பழக்கத்தை அது விடவில்லை. யாராவது தப்பித் தவறி மனதில் பட்டதைச் சொன்னால், மைக் துல்லியமாகப் பிடித்துக் கொடுத்த அந்தக் குரலுக்கு மெஷின் தானாகவே 'தெளிவில்லை' என்று போட்டது. அவள் திருத்தினாள். மறுநாளும் போட்டது. திருத்தியது மாணவர்களுக்கு அடுத்த நாள்தான் போகும். அதுவரை முன்வரிசைப் பெண் முன்னால் ஓடுவது மெஷின் காட்டுவதுதான். கற்றுக்கொடுக்க எவ்வளவு காலம் ஆனதோ அவ்வளவு காலம் ஆகும் மறக்கடிக்க.

இழுவை சார் திரும்ப வகுப்பெடுத்த அன்று, தட்டச்சுப் பலகையைக் கையில் தூக்கிக்கொண்டு படியேறினாள். கூடத்துக்குள் அவள் வருவது அதுதான் முதல் தடவை. முன்வரிசை ஓரத்தில் இருந்த பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கம்பியை அவள் திரையில் செருகி, 'நான்தான் அக்கா. இன்னைக்கு மெஷின் வேண்டாம்' என்று தட்டினாள். அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, 'நீங்க இன்னும் குண்டா இருப்பீங்கன்னு நினைச்சேன்' என்று எழுதினாள்.

இழுவை சார் வந்தார். உயரமான மனிதர், ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றார். பேசத் தொடங்கினார், இவள் தட்டினாள். விசைகளின் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. ஒவ்வொரு தலையாக அந்தச் சத்தத்தின் பக்கம் திரும்பியது. இவள்தான் அது என்று யாரோ கிசுகிசுத்தார்கள். எழுதுகிறவள். அவரும் திரும்பினார். அவள் விரல்களைப் பார்த்தார். அதாவது, என்றார். அதாவது என்னன்னா. நின்றுவிட்டார். எந்தக் காலத்திலும் நிறுத்தாத மனிதருக்கு இப்போது அந்த மூச்சு வந்தது. கூடமே அவரோடு சேர்ந்து மூச்சை இழுத்துப் பிடித்தது.

அவிழ்க்க வந்தவளைப் பார்த்தே முடிச்சு இறுகியது. விரலை எடுத்துவிட்டு எழுந்து கீழேயே ஓடிவிடலாமா என்றிருந்தது. பக்கத்துத் திரையில் எழுத்து வராததால் அந்தப் பெண் நிமிர்ந்து இவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார்" என்றாள் பாம்புச்செவி. மற்றவர்கள் குரலையே கேட்டுப் பழகியவளுக்குத் தன்னுடையது யாருடையதோ போல இருந்தது. "இந்த இடத்துல முன்னாடி என்ன சார் இருந்துச்சு?"

அவர் அவளையே பார்த்தார். நெடுநேரம் இழுத்தார்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார். "யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. உங்கள்ல யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க."

தட்டினாள். ஒரு சொல் விடாமல் தட்டினாள்.

நடுவில் ஒரு பையன் தொண்டையைக் கனைத்தான். "எங்க அப்பா இங்க ஏதோ கிணறு இருந்துச்சுன்னு சொல்வார், சார்." அவனுக்கு அந்தப் பக்கமிருந்து ஒருத்தி, "கிணறு இல்லடா, சந்தை" என்றாள். "உனக்கு எல்லாமே சந்தைதான்." யாரோ சிரித்தார்கள். "எங்க தெருப் பேரே அங்கேருந்து வந்ததுதான்." "ஆளுங்களை எங்க அனுப்பினாங்க?" நாலாபுறமும் வாய்கள் திறந்துகொண்டன. அவள் விரல் பறந்தது. ஒவ்வொரு குரலும் எந்த நாற்காலியிலிருந்து வருகிறது என்று தலை திருப்பாமலே சொல்லிவிடுவாள். பின்னால் இடதுபுறம், ஜன்னலோரம், கதவுப் பக்கம்.

அந்த இரைச்சலுக்கு அடியில், அமைதியாக, வயதான ஒரு குரல் சொன்னது: "எங்க வீடு இருந்துச்சு."

பாம்புச்செவி திரும்பினாள். அந்தத் திசையில் இருந்தவர்கள் எல்லாம் இளம்பிள்ளைகள். ஆளுக்கு ஆள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. எந்த நாற்காலியிலிருந்து வந்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை. பாதம் தரையைவிட்டு எழப் பார்த்தது.

முன்வரிசைப் பெண் திரையைத் தொட்டுக் காட்டினாள். எல்லாரும் என்ன சொல்கிறார்கள்?

அவள் காலை ஊன்றிக்கொண்டு, கேட்டதைத் தட்டினாள்.